ஷிப்ட் மாறும் நேரத்துப் பிள்ளைகள்

அவள் வென்றவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பெண்கள் கூடை தூக்க மட்டும்தான் என்றிருந்ததை மாற்றி, எடைமேடையைத் தன் பொறுப்பில் வாங்கினாள். நெசவாலைக் குடியிருப்பில் தான் இருந்த மூன்றாம் வரிசைக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வாங்கினாள். அதற்காக ஆலை மேலாளரின் அறை வாசலில் காலி வாளியோடு ஒன்பது நாள் நின்றாள். பகல் பதினொரு மணிக்கு மட்டுமே வந்துகொண்டிருந்த சுகாதார நிலையத்து நர்சம்மாவைக் காலை ஆறரைக்கு வரவழைத்தாள். ஊரில் யார் பேச்சையும் கேட்காத தன் அண்ணனைத் தன் பேச்சுக்குக் கட்டுப்பட வைத்தாள். எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான் என்று அண்ணியே சாட்சி சொல்வாள். ஏழு வருஷத்தில் இருநூற்றுப் பதினெட்டுக் கைக்குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைத்துத் தூங்கச் செய்தாள். அந்த இருநூற்றுப் பதினெட்டும் இன்று ஓடியாடித் திரிகின்றன, கடைசி முப்பதைத் தவிர. அந்த முப்பதுக்கும் இன்னும் நடக்கும் வயது வரவில்லை.

அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்தது சலவைக்கூடம். ஈரத் துணி மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்து "பதினாலரை" என்பாள். மேடையில் வைத்தால் முள் பதினாலரையில் நிற்கும். பேச்சும் அப்படித்தான். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

அண்ணனும் அண்ணியும் அவளும் இருந்தது அந்த நெசவாலைக் குடியிருப்பில். ஆறு வரிசை, வரிசைக்குப் பதினாறு அறை. ஓர் அறை பத்தடிக்குப் பதினோரடி. அறைக்கு ஓர் இரும்புக் கட்டிலை ஆலையே கொடுத்திருந்தது, காலில் எண் பொறித்து. பகல் ஷிப்ட்காரர் எழுந்த கட்டிலில் இரவு ஷிப்ட்காரர் வந்து விழுவார். சாயங்காலம் அவர் எழுந்தால் இவர் விழுவார். அந்தத் தொண்ணூற்றாறு கட்டில்களின் சூடு ஆறியதே கிடையாது. அண்ணன் இரவு ஷிப்டில் தறி ஃபிட்டர். அண்ணி பகல் ஷிப்டில் பண்டல் கட்டும் பிரிவு. தராசு எட்டிலிருந்து ஐந்து வரை சலவைக்கூடம். அவள் படுக்கை கதவோரம், தரையில்.

அண்ணிக்கு ஏழு மாதமாக இருந்தபோதுதான் ஐந்தாம் வரிசையில் நூல்காரியின் குழந்தை தூக்கத்திலேயே போனது. நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்ததால் அவள் நூல்காரி. குழந்தைக்கு மூன்று மாதம். வேலை முடிந்து வந்த கணவன் அதன் பக்கத்தில் படுத்திருந்தான். எழுந்து பார்த்தபோது மூச்சு இல்லை.

பாதி வரிசை அவன் நசுக்கிவிட்டான் என்றது. மீதி வரிசை அவள் பால் கொடுத்த லட்சணம் சரியில்லை என்றது. குழாயடியில் ஒருத்தி இதையே மூன்றாம் தடவை சொன்னபோது தராசு வாளியைக் கீழே வைத்தாள்.

"நீ பக்கத்துல இருந்து பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? ஊரே சொல்லுது."

"ஊரு பாத்துச்சா?"

"என்னடி, வக்கீல் மாதிரிக் கேக்குற?"

"பாக்காததச் சொல்லாத. அவ ஏற்கெனவே செத்துக்கிட்டிருக்கா."

அன்றைக்கே அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். நர்சம்மா மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நர்சம்மா, அந்தக் குழந்தை ஏன் செத்துச்சு?"

நர்சம்மா மாத்திரை டப்பாவை மூடி வைத்தாள். "தெரியலம்மா. டாக்டருக்கே தெரியல. சில குழந்தைங்க அப்படிப் போயிடுது. பெத்தவங்களக் குத்தம் சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல. ஆனா ஆபத்தக் குறைக்கலாம்."

"எவ்வளவு?"

"நிறைய."

"நிறையன்னா எத்தனை?"

நர்சம்மா சிரித்துவிட்டாள். "உன்னைத் தராசுன்னு சும்மாவா சொல்றாங்க! பாதிக்கு மேல குறைக்கலாம், போதுமா?"

போதும். ஐந்து விஷயத்தை வாங்கி ஐந்து விரலில் முடிந்துகொண்டு வந்தாள். மல்லாக்க. தனியாக, ஆனால் அதே அறையில். கெட்டியான படுக்கையில். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூட இல்லாமல். புகை இல்லாமல். வழியெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்ததைப் பார்த்த கடைக்காரர், யாருக்கோ கடன் கொடுத்து ஏமாந்துவிட்டாள் போல என்று நினைத்தாராம்.

இந்த வரிசைகளில் இன்னொரு குழந்தை அப்படிப் போகக்கூடாது. அன்று அவள் மனத்தில் விழுந்தது அது ஒன்றுதான். அடுத்துப் பிறக்கவிருந்தது அவள் வீட்டுக் குழந்தை.

அண்ணிக்குப் பெண் பிறந்தது. சுகாதார நிலையத்தில் அப்போது கனமான அட்டையில் செய்த பெட்டி ஒன்று கொடுத்தார்கள். முழங்கை உயரம், அடியில் இரண்டு விரல் கனத்துக்கு விறைப்பான மெத்தை. குழந்தைக்கு அதுதான் கட்டில். தராசு தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணி மெத்தையை அழுத்திப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இதென்ன, பலகை மாதிரி இருக்கு?"

"கெட்டியாத்தான் இருக்கணும், அண்ணி."

"நம்ம தலையெழுத்து, நாம தரையில உருண்டோம். இவளாவது மெத்துன்னு படுக்கக் கூடாதா? ஏழை வீட்டுல பொறந்தா பலகையிலதான் படுக்கணும்னு யாரு சொன்னது?"

அண்ணி தன் கல்யாணத்துக்கு வந்த மெத்தைப்போர்வையை நான்காக மடித்துப் பெட்டியில் போட்டாள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தலையணை வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாலு நாள் கழித்துக் குழந்தை கட்டிலுக்கு வந்துவிட்டது. பெட்டியில் துவைத்த துணி ஏறியது.

எல்லா அறையிலும் இதே கதை. நர்சம்மா பகல் பதினொரு மணிக்கு வருவாள். அவள் குடை வரிசைமுனையில் தெரிந்ததுமே துணி கட்டிலடிக்குப் போகும், பெட்டி நடுவீட்டுக்கு வரும், தூங்காத குழந்தையைப் பெட்டியில் மல்லாக்கப் போட்டுக் காட்டுவார்கள். "ரொம்ப நல்லது" என்று நர்சம்மா எழுதிக்கொண்டு போவாள். யாருக்கும் அவளை ஏமாற்றும் எண்ணம் இல்லை. நல்ல மனுஷி, வெயிலில் நடந்து வருகிறாள், அவள் மனம் நோகக்கூடாது, அவ்வளவுதான்.

குழந்தைக்குப் பன்னிரண்டு வாரம் ஆனபோது அண்ணி வேலைக்குத் திரும்பினாள். நான்காம் நாள் காலை. ஆறே காலுக்குச் சங்கு ஊதியது. அண்ணி பால் கொடுத்து, தூங்கிய குழந்தையைக் கட்டில் நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் தலையணை வைத்து, போர்வையை இழுத்து மூடினாள். "பாத்துக்க" என்று குழாயடியில் நின்ற தராசிடம் சொல்லிக்கொண்டே ஓடினாள். தண்ணீர்ச் சத்தத்தில் தராசின் காதில் அது விழவில்லை. ஆலைக் கதவில் எதிரே வந்த அண்ணன் மனைவியைப் பார்த்துக் கையாட்டினான். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்திருந்தான். கண் திறந்திருந்ததே தவிரப் பார்வை இல்லை. அறைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தான்.

தராசு இரண்டு வாளியோடு உள்ளே வந்தாள். அண்ணன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அவன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் போர்வை குவிந்திருந்தது. பெட்டியில் துணி இருந்தது. ஒரு கணம் நின்றாள். வாளிகள் கையிலிருந்து நழுவின. அண்ணன் தோளைப் பிடித்து இழுத்துத் தரையில் உருட்டினாள். அவளைவிட இரண்டு மடங்கு கனம் அவன். போர்வையை விலக்கித் தலையணைக்கு அடியிலிருந்து குழந்தையை எடுத்தாள். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது, தலைமுடி வேர்வையில் ஒட்டியிருந்தது. இரண்டு முறை வாயைத் திறந்து மூடியது. மூன்றாம் முறை, அந்த வரிசையே எழுந்துகொள்ளும்படி கத்தியது.

அண்ணன் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தான். நடந்தது அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் கதவோரம் நகர்ந்து உட்கார்ந்தான். சாயங்காலம் வரை கட்டில் பக்கம் போகவில்லை. அண்ணி வந்து கேட்டதும் குழந்தையின் தலையையும் நெஞ்சையும் தடவிப் பார்த்தாள்.

"நான் சொல்லிட்டுத்தானே போனேன்" என்றாள்.

"எனக்குக் கேக்கல, அண்ணி."

"வழியில இவரையும் பாத்தேன். கையாட்டுனாரு."

"கையாட்டுனேன்" என்றான் அண்ணன். "பிள்ளைய நெனைக்கல."

தராசு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, ஷிப்ட் முடிஞ்சா தறிய அப்படியே விட்டுட்டு வந்துருவியா?"

"அது எப்படி? அடுத்த ஆளு வரணும். ஒப்படைக்கணும்."

"எப்படி ஒப்படைப்ப?"

"எந்தத் தறி, நூல் எப்படி இருக்கு, எண்ணெய் போட்டாச்சா, என்ன கோளாறு, எல்லாம் சொல்லணும். அவன் கண்ணால பாத்து, கையால தொட்டு, 'வாங்கிக்கிட்டேன்'னு வாயால சொல்லணும். சொல்ற வரைக்கும் நகரக்கூடாது."

"நகந்தா?"

"வேலை போயிடும்."

"ஒரு இரும்புத் தறிக்கு இவ்வளவு. நம்ம பிள்ளைய மட்டும் தண்ணிச் சத்தத்துல கத்திட்டு ஓடுறோம்."

அண்ணன் எழுந்து பெட்டியிலிருந்த துணியை எடுத்துக் கட்டிலடியில் தள்ளினான்.

மறுநாள் காலை அந்த அறையில் முதல் ஒப்படைப்பு நடந்தது. அண்ணன் வந்து சேரும்வரை அண்ணி ஆலைக்குக் கிளம்பவில்லை. கட்டிலில் உட்காரும் முன் அண்ணன் பெட்டிக்குப் போக வேண்டும். அண்ணி சொல்ல வேண்டும்: "பெட்டியில இருக்கா. மல்லாக்க இருக்கா. கூட ஒண்ணும் இல்ல. ஆறு மணிக்குப் பால் குடுத்தேன்." அண்ணன் குனிந்து பார்த்து, பெட்டி விளிம்பைத் தொட்டு, "வாங்கிக்கிட்டேன்" என்றான். ஏழரை மணிக்கு அவன் கண் செருகுவதற்குள் தராசு குழந்தையை அவனிடமிருந்து வாங்கி, வழியில் குழந்தைகள் காப்பகத்தில் ஒப்படைத்தாள். காப்பகத்து ஆயாவும் "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லும்வரை தராசு நகரவில்லை. "இதென்னடி, கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி!" என்று ஆயா அலுத்துக்கொண்டாள். சொன்னாள்.

மெத்தைப்போர்வைக்கும் தராசு வழி கண்டாள். அதன் மேல்துணியைப் பிரித்து, பெட்டி மெத்தைக்கு இறுக்கமான உறையாகத் தைத்தாள். சுருக்கம் இல்லை, தொங்கல் இல்லை. பூப்போட்ட துணி. "இப்ப பாருங்க அண்ணி, இந்த ஆறு வரிசையில யாரு பிள்ளைக்கு இப்படி ஒரு படுக்கை?" என்றாள். அண்ணி தடவிப் பார்த்தாள். உள்ளே கெட்டி, மேலே பட்டுப்போல. தலையணை இரண்டையும் தானே எடுத்துத் தன் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வரிசையில் பரவ இரண்டு வாரம் ஆனது. ஆண்கள்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். அது அவர்கள் பாஷை. "எண்ணெய் போட்டாச்சா?" என்றால் பால் கொடுத்தாயிற்றா என்று அர்த்தம். "நூல் அறுந்துக்கிட்டே இருக்கு" என்றால் விட்டு விட்டு அழுகிறது. ஒருவன் மனைவியிடம், "மெஷின் லீக் ஆகுது, இந்த நிலையில வாங்க மாட்டேன்" என்று அடம்பிடித்து, துணி மாற்றிய பிறகுதான் வாங்கினான். பீடி பிடித்துக்கொண்டு வருபவன் வாசலிலேயே நிறுத்தப்பட்டான். மல்லாக்கப் போட்டால் பால் கக்கி மூச்சில் ஏறும் என்று பயந்தவர்களுக்கு நர்சம்மா சொன்னதைத் தராசு சொன்னாள்: "மல்லாக்கப் படுத்தா மூச்சுக்குழாய் மேல இருக்கும், சாப்பாட்டுக்குழாய் கீழ. கக்குன பாலு கீழ போகுமா, மேல ஏறுமா? நம்ம குழாய்த் தண்ணி மேல ஏறாமத்தான ஒம்பது நாள் வாளியோட நின்னேன்?"

நர்சம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னதும் அவள்தான். "பதினோரு மணிக்கு நீங்க பாக்குறது எல்லாம் கல்யாணப் பொண்ணு அலங்காரம், நர்சம்மா. சங்கு ஊதுற நேரத்துல வாங்க." நர்சம்மா வந்தாள். வந்து, ஏழாம் எண் அறை வாசலில் ஒரு தறிக்காரன் தன் மகனை மாமியாரிடமிருந்து 'வாங்கிக்கொண்டதை'ப் பார்த்துவிட்டு, குடையை விரிக்க மறந்து, வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றாள்.

இரண்டாம் வருஷம் நூல்காரி மறுபடி நிறைமாதமாக இருந்தாள். தராசு போனபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"பெட்டி கிட்டின்னு எதையும் தூக்கிட்டு வராத" என்றாள். "நான் தூங்கவே போறதில்ல. மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வருஷம்."

"ஒரு வருஷம் யாராலயும் முடியாது அக்கா. உக்காந்தபடியே கண்ணு செருகிடும். பிள்ளை மடியிலேருந்து சரியும். அது கட்டிலை விட மோசம்."

நூல்காரி அழவில்லை. சுவரையே பார்த்தபடி கேட்டாள்: "அன்னிக்கு நாங்க செஞ்சதுதான் தப்பா?"

"டாக்டருக்கே தெரியலன்னு நர்சம்மா சொன்னாங்க. உங்களுக்கு அப்ப யாரும் வந்து சொல்லவும் இல்ல. இப்ப நான் வந்து சொல்றேன்."

"சரி, கொண்டா. ஆனா வேற யார் கையாலயும் வேணாம். நீயே கொண்டுவந்து வைக்கணும், நீயே பாத்து நல்லா இருக்குன்னு சொல்லணும்."

"வைக்கிறேன்."

வாக்குக் கொடுத்த எட்டாம் நாள் சுகாதார நிலையத்துக்குப் புது உத்தரவு வந்தது. இனிமேல் பெட்டி வேண்டுமென்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ரசீது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர் ரசீதில் உள்ள ஐந்து வரியையும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ரேகை செல்லாது. இல்லையென்றால் பெட்டிகள் வேறு பகுதிக்குப் போகும்.

தராசு மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவள். சம்பளத்துக்குக் கட்டைவிரல்தான். நர்சம்மா போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம்தான், ஆனால் நூல்காரிக்குக் கொடுத்த வாக்கு அது இல்லை.

"அஞ்சு வரியும் எனக்குத் தலைகீழாத் தெரியும் சார்" என்றாள் சுகாதார நிலையத்துக் குமாஸ்தாவிடம். சொல்லியும் காட்டினாள். குமாஸ்தா நல்லவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொல்றது ஒரு எழுத்து பிசகல. ஆனா சட்டம் நான் போட்டதில்லையேம்மா."

அண்ணன் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். "இதுக்கா இவ்வளவு? நான் போடுறேன் கையெழுத்து" என்றான்.

"நீ போட்டா நீ பாத்ததா ஆயிடும். நூல்காரி அக்கா வீட்டை நீ பாத்தியா?"

"நீ பாத்தா நான் பாத்த மாதிரிதானே?"

"குழாயடியில அவங்களும் இதத்தான் சொன்னாங்க. ஊரு சொல்லுச்சுன்னு."

நூல்காரியின் பிரசவத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

சலவைக்கூடத்தில் ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் எந்த வார்டு என்று சிவப்பு நூலால் தைப்பார்கள். அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாமலே வருஷக்கணக்காகத் தைத்தவள் தராசு. கிழிந்த தலையணையுறை ஒன்றை நர்சம்மாவிடம் கொண்டுபோய், "இதுல என் பேரை எழுதிக் குடுங்க" என்றாள். பென்சில் கோட்டின் மேல் தைத்தாள். பிரித்தாள். மறுபடி தைத்தாள். ஐந்தாம் தடவை பென்சில் கோடு அழிந்துபோனது, கை நிற்கவில்லை. ஒன்பதாம் தடவை, கோடே இல்லாத இடத்தில் தைத்தாள். தேதி போட மாதப் பெயரையும் எண்களையும் அப்படியே பழகினாள். அதற்குப் பிறகுதான் பேனாவைத் தொட்டாள். முதலில் ஊசியைப்போலவே அதைத் தூக்கித் தூக்கி வைத்தாள். பெயர் முழுவதும் புள்ளி புள்ளியாக வந்தது.

"காகிதத்துக்குத் தையல் போட்டுட்டியா?" என்று அண்ணி சிரித்தாள்.

"பிரியாது பாருங்க, அண்ணி."

ஐந்து வரிகளை அண்ணி மகளைத் தூங்க வைத்துவிட்டுத் தராசோடு உட்கார்ந்து வரிக்கு வரி விரல் வைத்துச் சொன்னாள். மனப்பாடமாகத் தெரிந்த வரிகள். எந்த எழுத்துக்கு எந்த ஓசை என்று கண் பழகவேண்டியது மட்டும்தான் பாக்கி. மல்லாக்க என்ற சொல்லைத்தான் அவள் வாழ்க்கையில் முதலில் படித்தாள்.

பதினேழாம் நாள் அண்ணனும் அவளும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். குமாஸ்தா ரசீதை நீட்டினார். தராசு ஐந்து வரியையும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லிலும் விரல் வைத்து வாசித்தாள். பிறகு பேனாவை வாங்கினாள். பின்னால் நின்ற அண்ணன் எட்டிப் பார்த்தான். பேனா ஒரு தடவைகூட மேலே எழவில்லை. குமாஸ்தா பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார், பெட்டியை எடுத்துவர அவரே உள்ளே போனார்.

அதை அவள் தலையில் வைத்து ஐந்தாம் வரிசைக்கு நடந்தாள். அண்ணன் தூக்குகிறேன் என்றதற்கும் கொடுக்கவில்லை. கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில், சுவரைவிட்டுத் தள்ளி, தரை சமமாக இருக்கும் இடத்தில் வைத்தாள். நான்கு மூலையையும் அழுத்திப் பார்த்தாள். "நல்லா இருக்கு அக்கா" என்றாள். மூன்று நாளில் நூல்காரிக்குப் பையன் பிறந்தான். அவன் வீட்டுக்கு வந்த முதல் காலை, சங்கு ஊதியது. வேலை முடிந்து வந்த கணவன் கட்டிலைத் தாண்டி நேராகப் பெட்டியிடம் போய் மண்டியிட்டான். "பெட்டியில இருக்கான்" என்று நூல்காரி ஆரம்பித்தாள். அவன் குனிந்து பார்த்துப் பெட்டி விளிம்பைத் தொட்டான். "வாங்கிக்கிட்டேன்" என்றான். வாசலில் நின்ற தராசு அதைக் கேட்ட பிறகுதான் வேலைக்குக் கிளம்பினாள். அன்று நூல்காரி, ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக, நாலு மணி நேரம் அசந்து தூங்கினாள்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐந்து வயது. அண்ணன் மகளும் அவனும் ஒரே பள்ளிக்கூடம். மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் அண்ணன் வரிசைமுனை வரை பார்த்துக்கொண்டு நிற்கிறான். தன் கையால் போக இருந்த மகளின் உயிர் அது. தங்கை கையால் நிற்கிறது. இதை அவன் தங்கையிடம் சொன்னதில்லை. சொன்னால், "வேற வேலை இல்லையா அண்ணா?" என்பாள்.

ரசீதின் நகலை மட்டும் குமாஸ்தாவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரித் துணியில் தைப்பதுபோல ஒரே அளவில், ஒரே சாய்வில், அவள் பெயர். கீழே நாளும் அவள் கையாலேயே எழுதியது: 17 அக்டோபர் 2013.